சிவப்பைக் காணாத கடதாசி

வாழைச்சேனைக் கடைத்தெருவில் எந்த ஆட்டோக்காரரிடமும் "படக்காரர்ர கட்டடம்" என்று சொல்லிப் பாருங்கள், கேள்வி கேட்காமல் என் வாசலில் இறக்கிவிடுவார். மூன்று மாடி. அடியில் ஸ்டூடியோ, நடுவில் கலர் லாப், மேலே நான். அதில் ஒரு கல்கூட அடுத்தவன் கொடுத்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பால்மா டின்னையும் சைக்கிள் லைட்டையும் வைத்துப் படம் பெருப்பிக்கும் இயந்திரம் செய்தேன். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது கூரையில் ஓட்டை போட்டு, அதால் இறங்கிய வெயிலில் அடையாள அட்டைப் படம் அச்சடித்தேன். இந்தப் பகுதியில் பாதிச் சனம் என் ஓட்டையால் வந்த முகத்தோடுதான் சோதனைச் சாவடிகளைக் கடந்தது. சூறாவளி கூரையைக் கொண்டுபோயிற்று, பிறகு ஷெல் விழுந்து சுவர் போயிற்று. இரண்டு தரமும் என் கையாலேயே எழுப்பினேன். தங்கச்சிக்குச் சீதனமாகக் கல்வீடு கட்டிக்கொடுத்தேன். பிள்ளைகளைப் பட்டம் எடுக்க வைத்தேன். இப்போது அவர்கள் எனக்குப் போனில் படம் எடுக்கச் சொல்லித்தர வருகிறார்கள், அது வேறு கூத்து.

என் வயதுக்காரரே, இதெல்லாம் நீங்கள் கண்ணால் கண்டவை. கலியாண வீடுகளில் என் வாயாலும் கேட்டிருப்பீர்கள், கேட்டுக் கொட்டாவியும் விட்டிருப்பீர்கள். ஆனால் நான் முதன்முதலில் கட்டிய சாமான் இந்த வரிசையில் இல்லை. அதைப்பற்றி நான் வாய் திறந்ததில்லை, நீங்களும் திறந்ததில்லை. அது ஒரு கமரா. அதைக் கட்டிய மாரி மழைக்காலத்தில் நான் பட்ட பயத்தை, பின்னாளில் ஷெல் விழுந்தபோதுகூடப் பட்டதில்லை.

அப்போது நாங்கள் கிரானுக்கு இங்கால், வாவிக்கரையோரம், போடியாரின் வளவு மூலையில் ஒரு குடிசையில் இருந்தோம். அம்மா, நான், தங்கச்சி. அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார், அவரைப்பற்றி அவ்வளவுதான். சுற்றிக் கிடந்த வயலும் மாடும் போடியாருடையவை. அம்மா பன்புல் வெட்டிக் காயவைத்துப் பாய் இழைப்பாள். நான் வாழைச்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவும் வேலையில் இருந்தேன். தங்கச்சிக்கு இழுப்பு வருத்தம். மழை தொடங்கினால் அவளுடைய நெஞ்சுக்குள் யாரோ துருப்பிடித்த கதவொன்றைத் திறந்து மூடுவதுபோலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலும் பயம், கொஞ்சம் நின்றாலும் பயம். நின்றால் அம்மா பாய் இழைக்கிற கையை விட்டுவிட்டு ஓடிப்போய் அவளுடைய மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள்.

பரியாரியார் ஒரு மருந்து அரைத்துத் தந்தார். அதற்கு வேண்டிய செடி தரவையில் நின்றது. வயலுக்கும் வாவிக்கும் நடுவில் பரந்து கிடந்த அந்தப் புல்வெளியில் இப்போது வீட்டுத்திட்டம் வந்துவிட்டது. அந்த நாட்களில் மழைத்தண்ணீர் வடிந்ததும் மணலோடு மணலாகச் சிவப்பு வட்டங்கள் முளைக்கும். ஒவ்வொன்றும் ஒரு சதக்காசு அளவு. முழந்தாளிட்டுக் குனிந்தால்தான் தெரியும், அந்த வட்டம் முழுக்க நகத்தளவு இலைகள். ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் மயிர்போல மெல்லிய விரல்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு துளி. புல்லில் விழுந்த பனி விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விடும். இந்தத் துளி உச்சி வெயிலிலும் காயாது. அழுகண்ணி என்று பெயர். இப்போது சொல்லலாம், மருந்து குடித்தவள் பேரப்பிள்ளை கண்டுவிட்டாள்.

அந்த நாளில் சொல்லக்கூடாது. குளித்த ஈரத்தோடு போக வேண்டும், உச்சி நேரத்தில் பிடுங்க வேண்டும், போகும்போதும் வரும்போதும் ஒருவரோடும் கதைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, செடியின் பெயரை எவரிடமும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் மருந்து வெறும் தண்ணீராகிவிடும். இதுதான் பரியாரியார் போட்ட கட்டளை. அந்தக் காலத்துப் பரியாரிமார் எல்லாரும் அப்படித்தான். மூச்சு முட்டுகிற பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மாவுக்கு அது அம்மன் வாக்குப் போல.

ஒருநாள் அம்மாவுக்குப் பின்னால் ஒளித்துப் போய், அவள் பிடுங்காமல் விட்ட ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். ஒரு சின்ன எறும்பு இலையில் ஏறியது. ஒரு கால் ஒட்டியது. அதை இழுக்க மறு கால் ஒட்டியது. பிறகு அந்த விரல்கள் அசைந்தன. மெதுவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், உள்ளங்கை மூடுவதுபோல மடங்கின. செடி அசையும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எழும்பி ஓடிவந்து அம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, அது உயிரத் தின்னுது. அதையா தங்கச்சிக்குக் குடுக்கிற?"

அம்மா என் வாயைப் பொத்தினாள். அவளுடைய விரல்களில் அந்தப் பசை.

அதே மாரியில்தான் போடியாரின் மாட்டுக் கண்டுகள் சாகத் தொடங்கின. விடியற்காலை துள்ளித் திரிந்த கண்டு, மத்தியானம் தொண்டை வீங்கி, நாக்கை வெளியே விட்டு, நுரை தள்ளிக் கிடக்கும். புதைக்கப் புதைக்க வேறொன்று. மழை மணத்தோடு அந்த அழுகல் மணமும் சேர்ந்து வளவுக்குள் வந்து நின்றது. இப்போது மாட்டு வைத்தியர் அதைத் தொண்டை அடைப்பான் என்கிறார், ஊசி போட்டால் தீர்ந்தது. அன்றைக்கு ஊசியுமில்லை, பெயருமில்லை. பெயரில்லாத சாவுக்கு ஆள் தேடுவார்கள்.

ஆளைக் கண்டுபிடித்தவர் போடியாரின் மாட்டுக்காரர். ஈரச் சேலையோடு, உச்சி வெயிலில், ஒரு பெண் தரவையில் தனியே குந்தியிருந்து எதையோ பொறுக்கிச் சிரட்டைக்குள் போடுகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், வாய் திறக்கிறாளில்லை. அவரும் பாவம், பயந்துபோய்த்தான் சொல்லியிருப்பார். அதிலும் அம்மா பாய் இழைக்கிறவள். மட்டக்களப்பார் வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் நம்மைப்பற்றிக் கதை கட்டியிருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கதையை நம் ஊரே நம்பியது அந்த மாரியில்தான்.

என்னை நீங்கள் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று உங்களுக்கு ஞாபகமா? எனக்கு ஞாபகம்.

"டேய், ஒட்டுப்பாய் வாறான்!"

"தொடாதீங்கடா, மறுகா கை ஒட்டிக் கிடக்கும்!"

நானும் விடவில்லை, "வாங்கடா தொட்டுக் காட்டுறன்" என்று கையை நீட்டிக்கொண்டு துரத்தினேன். நீங்கள் சிரித்துக்கொண்டு ஓடத் தொடங்கினீர்கள். கொஞ்சத் தூரத்தில் சிரிப்பு நின்றது, ஓட்டம் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது விளையாட்டு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை போடியார் எங்கள் வாசலுக்கே வந்தார். கெட்ட மனிசன் என்று நான் சொல்லமாட்டேன். குடையை மடக்காமல், படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தார். வளவின் சொந்தக்காரரே உள்ளே கால்வைக்கப் பயந்தார்.

"புள்ள, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லு. உச்சி நேரத்தில தரவையில உனக்கென்ன வேல?"

"மருந்து புடுங்கினன் போடியார். புள்ளைக்கு."

"என்ன மருந்து? பேர் என்ன?"

அம்மா நிலத்தைப் பார்த்தாள். "பேர் சொல்லேலா."

"சொல்லேலாதோ? எண்ட கண்டெல்லாம் நுரை தள்ளிச் சாகுது, உனக்குச் சொல்லேலா?" மாட்டுப்பட்டிப் பக்கம் கையைக் காட்டினார். "இஞ்ச பார். வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கோயிலுக்கு வா. கர்ப்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டு, அந்தப் பேரயும் அம்மனுக்கு முன்னால சொல்லு. சொல்லல்ல எண்டா வளவ விட்டு எழும்பு. நான் வேற என்ன செய்ய?"

எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய அம்மாவுக்குப் பயமில்லை. பெயரைச் சொல்லத்தான் பயம். சொன்னால் மருந்து போய்விடும், சொல்லாவிட்டால் வீடு போய்விடும். வெளியே மழை. உள்ளே, தங்கச்சியின் நெஞ்சில், அந்தக் கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது.

நான் பரியாரியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் வந்து ஒரு சொல் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அவருடைய பெண்சாதி வாசலை மறைத்துக்கொண்டு நின்றா.

"அவர் இல்ல மகன். வட்டைக்கு, வயல் பாக்கப் போயிற்றார்."

உள்ளே அம்மியில் குழவி உருளும் சத்தம் கேட்டது. அவவுக்கும் கேட்டது. நான் பார்த்தேன், அவ பார்த்தா, குழவி நின்றது. இன்றைக்கு யோசித்தால், கண்டுகள் செத்த பழி தன் மருந்துப் பெட்டிக்கு வந்துவிடும் என்று அந்த மனிசனும் நடுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றைக்கு அதெல்லாம் தெரியவில்லை. பெரிய ஆட்களும் கதவுக்குப் பின்னால் ஒளிப்பார்கள் என்று மட்டும் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில்தான் மூளையில் பட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கவனியுங்கள். வாயால் சொல்லக்கூடாது என்றுதானே கட்டளை? காட்டக்கூடாது என்று இல்லையே. அந்தச் செடியைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் காட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அம்மா விடவில்லை, பிடுங்கியதை ஊருக்குக் காட்டினால் சொன்னதற்குச் சமன் என்றாள். வெறும் கையில் அது ஒரு சிவப்பு ஊத்தைபோலச் சுருண்டுபோகும், யாருக்கு என்ன தெரியும்? படம் என்றால் வேறு. செடி தரவையில் நிற்கும், படம் கோயிலுக்குப் போகும்.

"படம் புடிச்சா ஆயுசு குறையும் எண்டு சொல்லுவாங்க மகன்," என்றாள் அம்மா. "செடிக்கும் குறைஞ்சா மருந்து கேக்குமா?"

"நீ புடுங்குற பக்கம் புடிக்கமாட்டன். அங்கால நிக்கிறதுதான்."

"சரி. அதுக்கு நோகாமப் புடி."

ஸ்டூடியோ முதலாளி ஓட்டமாவடிக்காரர், நல்ல மனிசன், ஆனால் கமராவைத் தொடவிடமாட்டார். பின் அறையில் ஒரு பழைய மரக் கமரா கிடந்தது. அதன் தோல் துருத்தியை எலி தின்றுவிட்டது. பின்பக்கச் சட்டமும் படக்கடதாசி வைக்கிற தட்டும் நல்லாயிருந்தன. கேட்டேன்.

"எலி திண்டதுதானே, எடு," என்றார். "என்ன செய்யப்போறாய்?"

"துருத்திக்குப் பதிலாக் குழாய் போடப்போறன்."

கடதாசி ஆலைக்கு வெளியே, கடதாசி உருளை சுற்றிவந்த தடித்த மட்டைக் குழாய்கள் கழிவாகக் கிடக்கும். அதில் ஒன்றை ஒரு அடிக்கு மேல் நீளமாக அரிந்து, உள்ளே விளக்குக் கரியைப் பூசினேன். முன்னால் வைக்க, உடைந்துபோன ஒரு சின்னக் கமராவின் கண்ணாடி. அதை ஏன் கழற்றித் திருப்பிப் போட்டேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. நேராகப் போட்டபோது படம் மங்கியது, கோபத்தில் திருப்பினேன், துலங்கியது. குழாய் நீள நீளப் பொருள் பெரிதாகும் என்பதையும் என் கட்டைவிரலை முன்னால் பிடித்துப் பிடித்து நானேதான் கண்டுபிடித்தேன். பின்பக்கக் கண்ணாடியில் என் நகம் ஒரு தட்டம் அளவுக்குத் தலைகீழாகத் தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பிலிம் வாங்க வழியில்லை. முதலாளி விற்க ஏலாது என்று கழித்துப்போட்ட, ஓரம் கறுத்த அச்சுக் கடதாசியையே பிலிமுக்குப் பதிலாகத் தட்டில் வைத்தேன்.

முதலாளி வந்து பார்த்தார். "என்னடா மகன் இது, பீரங்கியா? யாருக்கு வைக்கப்போறாய்?"

"நம்பாத ஆக்களுக்கு."

வியாழக்கிழமை உச்சி நேரம். வாவியிலிருந்து வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்க்கு முன்னால் செடி ஒரு மயிரளவு ஆடினாலும் படம் போய்விடும். அம்மா புதிதாக இழைத்த பன்பாயைக் கொண்டுவந்து காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மணலில் வயிற்றோடு கிடந்து, கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டேன். உடைந்த முகக்கண்ணாடித் துண்டு ஒன்றால் வெயிலை இலையின் நிழல் பக்கம் திருப்பினேன். விரல்கள் ஒரு எறும்பைப் பிடித்து வைத்திருந்தன. அழகான எறும்பு, தலையில் இரண்டு உணர்கொம்பும் நிமிர்ந்தபடி செத்துக் கிடந்தது.

மூடியைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். அந்தக் கடதாசிக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், மெதுவாக எண்ண வேண்டும். பாதியில் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"அடியேய்! என்னத்தடி செய்றாய் பாய விரிச்சு?"

மாட்டுக்காரர். அம்மாவின் கை ஆடியது, பாய் ஆடியது, காற்று புகுந்தது. அந்தக் கடதாசி பாழ். தட்டின் மறுபக்கத்தில் இன்னும் ஒரே ஒரு கடதாசிதான் இருந்தது. அவர் தடியோடு ஓடிவருவது நிலத்தில் கேட்டது. நான் தலையை எடுக்கவில்லை.

"அம்மா, பாய விடாத!"

"மகன், வாறானடா..."

"விடாத!"

அம்மா விடவில்லை. நான் தட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி எண்ணினேன். என் நெஞ்சு மணலில் இடிக்கிற இடியில் குழாய் ஆடிவிடுமோ என்று மூச்சைப் பிடித்தேன். ஓடிவந்த கால் சத்தம் பக்கத்தில் வந்து சட்டென்று நின்றது. அவர் பார்த்தது இதைத்தான்: நட்ட நடுத் தரவையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பாய், அதன் பின்னால் கண்ணை மூடி நிற்கும் ஒரு பெண், அவளுடைய காலடியில் தலையில்லாமல் ஒரு கறுப்பு உருவம், அது ஏதோ முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருக்கிறது. தடியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்.

நான் மூடியை மூடினேன். "கிடைச்சிற்று," என்றேன். அம்மா பாயோடு மணலில் குந்திவிட்டாள்.

ஸ்டூடியோ இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே கடதாசியை மருந்துத் தண்ணீரில் போட்டேன். முதலில் வந்தது நெகட்டிவ்: வெள்ளைக் கை, கறுத்த துளிகள். அதை இன்னொரு கடதாசியோடு சேர்த்து வெளிச்சம் காட்டிக் கழுவினால்தான் சரியான படம். இரண்டாவது கடதாசி தண்ணீருக்குள் மெல்ல மெல்லக் கறுத்தது. அடியிலிருந்து ஒரு கை மேலே வருவதுபோல வந்தது. கரிக் கறுப்பு. விரித்த என் கையளவு. நிறைய விரல்கள், ஒவ்வொரு விரல் நுனியிலும் நெருப்புப் புள்ளி. நடுவில் எதையோ பிடித்து நெரித்துக்கொண்டிருந்தது. நான் எடுத்த படம்தான், நான் கண்ட செடிதான். ஆனாலும் தண்ணீருக்குள் கையை விட்டு அதை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

முதலாளி திரையை விலக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! எந்தக் கபுறுக்குழியில புடிச்ச இத?"

"தரவையில. அது செடி முதலாளி."

"செடி மாதிரி இல்ல மகன். இத ஆக்களுக்குக் காட்டாத."

"காட்டத்தான் எடுத்த."

வெள்ளிக்கிழமை கோயில் வளவு நிறைந்து கிடந்தது. நீங்கள் எல்லாரும் மதிலில் ஏறி இருந்தீர்கள். அம்மா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். விட்டுவிட்டு வர ஆளில்லை. பூசை முடிந்து வெற்றிலையில் கற்பூரம் கொளுத்திவைத்தார்கள். அம்மா பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, "நான் ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் செய்யல்ல, தாயே," என்று உள்ளங்கையால் அதை அழுத்தி அணைத்தாள்.

"சரி, பேரச் சொல்லு," என்றார் போடியார்.

அம்மா சொல்லவில்லை.

"சொல்லு புள்ள. சொல்லிப்போட்டு வீட்ட போ."

என் தோளில் தங்கச்சி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். போடியார் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். அவர் அடுத்த சொல்லைச் சொல்லிவிட்டால் அன்றைக்கு மழைக்குள்தான் நாங்கள். நான் சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்து அவருடைய கையில் வைத்தேன்.

"இதத்தான் அம்மா புடுங்கின."

அவர் பார்த்தார். படத்தைத் தன்னைவிட்டுத் தள்ளிப் பிடித்தார்.

"என்னடா இது?"

"செடி. தரவையில நிக்கிற செடி. நகத்தளவுதான் போடியார்."

"நகத்தளவா?" அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "போட்டோவில ஆறடி ஆள் அரையடிதானே வருவான்? நான் கலியாணத்துக்கு எடுத்த படத்தில எண்ட யானை போலக் காளையும் உள்ளங்கைக்குள்ளதான் நிக்குது. போட்டோவில எல்லாம் சின்னதாகித்தான் வரும். இதுவே இவ்வளவு எண்டா..." படத்திலிருந்த அந்தக் கை உண்மையில் எவ்வளவு பெரிதாயிருக்கும் என்று தன் கைகளை விரித்துப் பார்த்து, இன்னும் விரித்து, அப்படியே நின்றார்.

மாட்டுக்காரர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கொம்பு! போடியார், கொம்பப் பாருங்க! கண்டுதான்! கண்டுக்குட்டியப் புடிச்சு நெரிக்குது!"

எறும்பின் உணர்கொம்பு அது. "எறும்பு! அது எறும்பு!" என்று நான் கத்தினேன். யாரும் கேட்கவில்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நீங்கள் மதிலிலிருந்து அந்தப் பக்கம் குதித்தீர்கள்.

"நேற்று எண்ட கண்ணால கண்டன்," என்று நடுங்கினார் மாட்டுக்காரர். "இவள் பாயக் காட்டி அத மறிச்சுக்கொண்டு நிண்டாள். நான் கிட்டப் போயிற்று வந்தன், போடியார். பாய விட்டிருந்தாள் எண்டா என்னையும் புடிச்சிருக்கும்."

இப்போது போடியார் அம்மாவைப் பார்த்த பார்வை வேறு. அது கோபமில்லை. அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார், கோயிலுக்குள் சாமிக்கு முன்னால் கட்டுவதுபோல.

"புள்ள," என்றார், "நீ எங்கயும் போவாத. நீ போனா இத ஆர் மறிக்கிற? உனக்கு என்ன வேணும், கேள்."

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் அது என்ன என்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கப்போனேன். மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"மாட்ட தரவையில விடாதீங்க போடியார். மேட்டுக் காணிக்குக் கொண்டுபோங்க. மாரி முடியட்டும்."

செடியை மாடு மிதித்து அழிக்கிறது என்பது அவளுக்கு நெடுநாள் கவலை. அதற்காகத்தான் சொன்னாள். ஆனால் மாடு ஈரத் தரையை விட்டு ஏறியதும் கண்டுகள் சாவது நின்றது. பிறகு என்ன, ஊருக்கு அதற்குமேல் அத்தாட்சி தேவையா?

வீடு தப்பியது. தங்கச்சியும் அந்த மாரியைக் கடந்தாள். மருந்தோ, வயசோ, எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊரார் ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அறுவடைக்கு நெல்லுமூட்டை வரும், படலையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். அம்மா இழைத்த பாயில் படுக்க ஊரில் ஆளில்லை. முதலாளியின் வீட்டார்தான் ஓட்டமாவடியில் விற்றுக்கொடுத்தார்கள். தங்கச்சிக்கு இந்தக் கதை தெரியாத இடமாகப் பார்த்துத் தன்னாமுனையில் மாப்பிள்ளை எடுத்தேன். நானுமென்ன? பொழுதுபடும் நேரத்தில் அம்மா விளக்கைத் தூண்டும்போது சுவரில் விழும் அவளுடைய கை நிழலைப் பார்த்து நான் பயந்ததுண்டு. பெற்ற பிள்ளை, படத்தை எடுத்தவன், எனக்கே அப்படி.

வளர்ந்த பிறகு ஒருமுறை கேட்டேன்: "ஏன் அம்மா அண்டைக்கு ஒண்டும் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்லுற? அவர் பயந்திட்டார். பயந்த ஆள் வளவ விட்டு எழுப்பாது. புள்ளைக்கு மூச்சு முட்டுது, வெளியில மழை." பன்புல்லைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

படம் ஏன் அப்படி வந்தது என்பதைத் தொழில் பழகிய பிறகுதான் நான் விளங்கிக்கொண்டேன். அச்சுக் கடதாசிக்குச் சிவப்பு தெரியாது. தெரியாதபடியால்தான் சிவப்பு விளக்கின் கீழே அதைக் கையாளலாம். தெரியாத சிவப்பு முழுவதையும் அது கறுப்பாக்கிவிடும். தரவையில் நின்றது சிவப்பான ஒரு சின்ன இலை. கடதாசிக்கு அது இருட்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். ஸ்டூடியோ முதலாளியின் பேரன் பெட்டியோடு கொடுத்தவற்றில் நான் அன்றைக்கு இருட்டறையில் விட்டுவந்த அந்த நெகட்டிவும் இருந்தது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, கீழே அட்டை: "பேய்க் கை. மாந்திரீகப் படம். எடுத்தவர் தெரியவில்லை." பொடியன்கள் அதன் பக்கத்தில் நின்று நாக்கை நீட்டிப் போனில் படம் எடுக்கிறார்கள். நான் காட்சிக்குப் பொறுப்பான பிள்ளையிடம் போய், எடுத்தவன் நான், இது பேயில்லை, செடி என்றேன். "அத்தாட்சி ஏதும் இருக்கா ஐயா?" என்று மரியாதையாகத்தான் கேட்டது.

இருக்கிறது. நீங்கள் இருக்கிறீர்கள். ஓடினவர்கள்தான், ஆனாலும் பார்த்துவிட்டுத்தானே ஓடினீர்கள்? இன்னும் நடக்கக்கூடியவர்கள் நடந்து போங்கள், மற்றவர்கள் பேரப்பிள்ளையிடம் போனை வாங்கிப் பேசுங்கள். இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு படத்தை அந்த வயதில், கழிவுச் சாமானில் கமரா கட்டி எடுத்தவன் என்னைத் தவிர ஒருவனும் இல்லை. எடுத்தவர் தெரியவில்லை என்றால் அது பொய். அந்த அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள். அழுகண்ணி இலை, நகத்தளவு. பிடிபட்டிருப்பது எறும்பு. காற்றை மறித்துப் பாய் பிடித்தவள் பெயரையும் எடுத்தவன் பெயரையும் போட வேண்டும். என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து வேண்டாம், அம்மாவுடையதைப் போடச் சொல்லுங்கள்.